பிரெஞ்சு கிராமியச் சமையலறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸின் கிராமத்து வீட்டுச் சமையலறைப் படங்களைப் பார்த்துவிட்டு, அதேபோல ஒன்றை அமைக்க நினைப்பவர்களுக்கு எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சமையலறைகளில் நம் கண்ணை இழுக்கும் பொருள்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வேலைக்காக அங்கே வந்தவை. அந்த வேலை என்னவென்று தெரிந்துவிட்டால், எதை வைப்பது, எதை விடுவது என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம். அதனால் கீழே உள்ள பதில்கள் பலவற்றில் அழகைப் பற்றிக் குறைவாகவும் வேலையைப் பற்றி அதிகமாகவும் இருக்கும்.

பிரெஞ்சு கிராமியச் சமையலறை என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒரே மாதிரியான ஒன்று கிடையாது. வடக்கே நார்மண்டியில் மரச்சட்ட வீடுகள், செப்புப் பாத்திரங்கள். கிழக்கே அல்சாஸில் பூ வரைந்த மண்பாண்டங்கள். சுஃப்லன்ஹைம் என்ற ஊர் அதற்குப் பேர்போனது. ஆனால் இன்று உலகம் முழுக்க இந்தப் பெயரில் பரவியிருப்பது பெரும்பாலும் தெற்கே உள்ள ப்ரோவான்ஸ் பண்ணை வீட்டின் சாயல்தான். அந்த வீட்டை அங்கே 'மாஸ்' என்பார்கள். கனமான கல் சுவர். மிஸ்த்ரால் என்ற வடகாற்று நாள்கணக்கில் விடாமல் அடிக்கும் ஊர் என்பதால், வடக்குச் சுவரில் சன்னல் இருக்காது, இருந்தாலும் மிகச் சின்னதாக இருக்கும். வீடு தெற்கு பார்த்து நிற்கும். உள்ளே சிவப்புச் சுட்டமண் தரை, சுண்ணாம்பு அடித்த சுவர், பெரிய கணப்பு, நடுவில் நீள மேசை.

சமைப்பது, சாப்பிடுவது, பட்டாணி உரிப்பது, பிள்ளைகள் படிப்பது, வந்தவர்கள் உட்கார்ந்து பேசுவது எல்லாம் அந்த ஒரே அறையில். குளிர்காலத்தில் வீட்டிலேயே கதகதப்பாக இருந்த இடமும் அதுதான். 'வாங்க, உட்காருங்க' என்று அழைப்பது போன்ற உணர்வு அந்த அறையில் வருவதற்கு இந்தப் பழக்கம்தான் காரணம். திரைச்சீலையோ பூச்சாடியோ அல்ல.

மூன்று வட்டாரங்களையும் ஒரே அறையில் கலக்காமல், ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் வழியில் போவது நல்லது.

எங்கிருந்து தொடங்குவது? பெயிண்டா, டைல்ஸா?

இரண்டும் இல்லை. மேசையிலிருந்து தொடங்குங்கள்.

தாளில் அறையின் படத்தை வரைந்து, முதலில் மேசையை வையுங்கள். மற்றவை அதைச் சுற்றித்தான் வர வேண்டும். ஆறு பேருக்கு 180 செ.மீ. நீளம், 80 முதல் 90 செ.மீ. அகலம் போதும். ஒரு ஆளுக்கு 60 செ.மீ. என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நாற்காலியை இழுத்து உட்கார மேசையின் ஓரத்திலிருந்து 90 செ.மீ. வேண்டும்; உட்கார்ந்திருப்பவரின் பின்னால் ஒருவர் சூடான பாத்திரத்தோடு நடந்து போக வேண்டுமென்றால் 110 செ.மீ.க்குக் குறையக் கூடாது. இந்த இடம் கிடைக்காவிட்டால் மேசையின் ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, அந்தப் பக்கம் பெஞ்சு போடுங்கள். பழைய பண்ணை வீடுகளிலும் பெஞ்சுதான். நாலு பேர் உட்காரும் இடத்தில் நெருக்கி ஐந்து பேரை உட்கார வைக்கலாம்.

மேசைக்கு ஒரு இழுப்பறை வையுங்கள். பழைய பண்ணை மேசைகளில் நீளவாட்டின் ஒரு முனையில் ஆழமான இழுப்பறை இருக்கும். ரொட்டியும் கத்தியும் அதற்குள். சாப்பிட உட்கார்ந்தபின் யாரும் எழுந்து போக வேண்டியதில்லை. இன்றைய வீட்டில் கரண்டி, துடைக்கும் துணி, பிள்ளைகளின் பென்சில் எல்லாம் அதற்குள் போய்விடும், மேசை எப்போதும் காலியாக இருக்கும்.

அப்புறம் உயரம். சாப்பாட்டு மேசை 75 செ.மீ. மாவு பிசைய அது சரியான உயரம், உடம்பின் எடையை மேலிருந்து கொடுக்கலாம். ஆனால் நின்றபடி காய் நறுக்கினால் சீக்கிரமே முதுகு வலிக்கும். அதற்கு உங்கள் முழங்கையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. கீழே இருக்கும் மேடை வேண்டும். அமெரிக்கர்களுக்கு பிரெஞ்சுச் சமையலைக் கற்றுக்கொடுத்த ஜூலியா சைல்டு 6 அடி 2 அங்குலம் உயரம். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் ஊரில் இருந்த அவருடைய வீட்டில் வழக்கமான 36 அங்குலத்துக்குப் பதில் 38 அங்குலத்தில் மேடை போட்டார்கள். அந்தச் சமையலறையை 2001இல் அவர் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். உங்கள் வீட்டில் அதிகம் சமைப்பவர் 5 அடி என்றால் 36 அங்குல மேடை அவருக்குத் தோள்வலியைத்தான் தரும். அளந்து போடுங்கள்.

அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் எப்படி அமைய வேண்டும்?

இவை மூன்றுக்கும் நடுவே உள்ள தூரம் ஒவ்வொன்றும் 1.2 மீட்டருக்குக் குறையாமல், 2.7 மீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது பரவலான விதி. மூன்றையும் கூட்டினால் 8 மீட்டருக்குள். நடு மேசை இந்த வழியை மறித்தால் மேசையைத் திருப்பிப் போடுங்கள். கொதிக்கும் தண்ணீரை வடிக்க மேசையைச் சுற்றி நடக்கும் நிலை மட்டும் வரவே கூடாது.

மாடுலர் கிச்சன் போட்டால் இந்தச் சாயல் வராதா?

சுவர் முழுக்க ஒரே நிறத்தில், ஒரே கதவாகப் போட்டால் வராது. அந்த வீடுகளில் சமையலறைப் பெட்டிகள் என்று ஒரு தொகுதியே கிடையாது. தனித்தனி மரச்சாமான்கள், ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் வந்து சேர்ந்தவை. சாப்பாட்டுத் தட்டுகளைச் சாய்த்து வைக்கத் திறந்த அடுக்குகள் உள்ள வெஸ்லியே, கீழே கதவு வைத்த பூஃபே, காற்றோட்டத்துக்குக் கம்பிவலை அடித்த உணவு அலமாரி. ப்ரோவான்ஸில் இன்னும் இரண்டு அழகான சாமான்கள் உண்டு. ஒன்று, மாவு பிசையும் தொட்டியான பெத்ரேன். மற்றொன்று பனத்தியேர். கடைந்தெடுத்த சிறு மரக்கம்பிகளாலான கூண்டு அது, வால்நட் மரத்தில் கதிரும் பூவும் செதுக்கியிருப்பார்கள். பெத்ரேனுக்கு மேலே சுவரில் மாட்டுவார்கள். ரொட்டிக்குக் காற்றும் வேண்டும், எலிக்கு எட்டவும் கூடாது. அதுதான் அந்த வேலைப்பாட்டின் பின்னணி.

நடைமுறையில் நான் சொல்வது இது: சிங்கும் அடுப்பும் உள்ள சுவரில் மட்டும் கீழ்ப்பெட்டிகளை நிலையாகப் போடுங்கள். அங்கே தண்ணீரும் எண்ணெயும் புழங்குவதால் இடுக்கு இல்லாமல் இருப்பது அவசியம். மற்ற சுவர்களில் தனிச் சாமான்கள். மேல் பெட்டிகளைக் குறைத்து, அந்தப் பொருள்களை ஒரே ஒரு உயரமான பழைய அலமாரிக்கு மாற்றுங்கள். பழைய சாமான் கடையில் கிடைக்கும் தேக்கு அலமாரியின் கதவுக் கண்ணாடியை எடுத்துவிட்டுக் கோழிக்கூண்டுக் கம்பிவலை அடித்து, உள்பக்கம் பருத்தித் துணி கட்டினால் போதும். அந்த ஊரிலும் அப்படித்தான் செய்வார்கள்.

தரைக்கு எது சரி?

தொமெத் எனப்படும் அறுகோணச் சுட்டமண் ஓடு. தெற்கு பிரான்ஸில் வார் மாவட்டத்தின் சலேர்ன் ஊர் இதற்குப் பெயர் பெற்றது. அங்குள்ள மண்ணில் இரும்புச்சத்து அதிகம். அதனால்தான் அந்தச் சிவப்பு. சுட்டமண் எண்ணெயை உறிஞ்சும். போட்டவுடன் ஆளிவிதை எண்ணெய் கொடுத்து, நன்றாகக் காய்ந்தபின் மெழுகு தேய்க்க வேண்டும். பிறகு வாரா வாரம் சோப்புத் தண்ணீரில் துடைத்தால் வருடம் ஆக ஆகப் பளபளப்பு கூடும். அமிலம் கலந்த தரை கழுவும் திரவங்களை மட்டும் அண்ட விடாதீர்கள்.

இன்னொரு வழி பூப்போட்ட சிமென்ட் ஓடு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோன் ஆற்றங்கரையில் விவியே ஊர்ப்பக்கம் தொடங்கிய தொழில் இது. செட்டிநாட்டு ஆத்தங்குடி ஓடும் இதே குடும்பம்தான். பிரான்ஸில் இயந்திரத்தால் அழுத்துவார்கள். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து, நிறக்கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டுக் கையால் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் வீடு கட்டுகிறவர்கள் ஐரோப்பாவிலிருந்து ஓடு வரவழைக்க வேண்டிய அவசியமே இல்லை. மங்கலான நீலம், சாம்பல், காவி என்று இரண்டு மூன்று நிறங்களுக்குள் ஒரு வடிவத்தைச் சொல்லிச் செய்து வாங்குங்கள்.

மேடைக்கு வெளிர் சுண்ணாம்புக்கல் போடலாமா?

படத்தில் அழகாக இருக்கும். ஆனால் எலுமிச்சை, வினிகர், தக்காளி, புளி எது பட்டாலும் அந்தக் கல் அரிக்கும். மேலே பூசும் பாதுகாப்புப் பூச்சு கறையைத் தள்ளிப்போடுமே தவிர, அரிப்பைத் தடுக்காது. மஞ்சள் தூள் சிந்தினால் கேட்கவே வேண்டாம். பிரான்ஸில் அந்தத் தழும்புகளை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. கல் வயசாகிறது, அவ்வளவுதான் என்று விட்டுவிடுவார்கள். உங்களுக்கும் அந்த மனம் இருந்தால் தாராளமாகப் போடுங்கள்.

தினமும் சாம்பாரும் ரசமும் வைக்கும் வீட்டுக்கு நான் சொல்வது மெருகேற்றாத கிரானைட். பளபளப்பு இல்லாமல் மங்கலாக இழைத்துத் தரச் சொல்லுங்கள். வெளிர் சாம்பல் நிறத்தில் எடுத்தால் பழைய கல்லின் அமைதி அதிலேயே வந்துவிடும். நறுக்கும் இடத்தில் மட்டும் 4 செ.மீ. கனத்தில் ஒரு மரப்பலகை. மேடைக்கு ஓடு பதிப்பது ப்ரோவான்ஸில் பழைய வழக்கம். ஆனால் இடுக்குகளைச் சுத்தமாக வைத்திருக்கப் பொறுமை வேண்டும்.

பெரிய பிரெஞ்சு அடுப்பு வாங்கினால்தான் ஆகுமா?

இல்லை. 1908இல் பாரிஸில் தொடங்கிய லா கோர்னு, பர்கண்டியின் லக்கான்ஷ் கிராமத்தில் செய்யும் லக்கான்ஷ் போன்ற அடுப்புகள் உண்மையிலேயே உழைப்பவை. வளைந்த கூரை உள்ள லா கோர்னு ஓவனில் சூடு சீராகச் சுழலும். ஆனால் விலை மிக அதிகம், அதன் எடைக்கு ஏற்றபடி தரையும் இருக்க வேண்டும். ஓவனே அதிகம் பயன்படுத்தாத வீட்டில் அந்தப் பணம் வீண்.

அந்த அடுப்புகளுக்கு முன்னால் தெற்கு பிரான்ஸ் வீடுகளில் இருந்தது பொத்தாஜே. செங்கல் கட்டி, மேலே ஓடு பதித்த மேடை. அதில் சதுரக் குழிகள், குழிக்குள் கரிநெருப்பு, கீழே சாம்பல் எடுக்க ஒரு வளைவு. இந்த அமைப்பை இன்றும் நன்றாகப் பின்பற்றலாம். சாதாரண கேஸ் அடுப்பை ஒரு கட்டுமான மேடையில் வைத்து, பின்சுவரில் வெள்ளைச் சதுர ஓடு பதித்து, கீழே வளைவான திறப்பில் இரும்புச் சட்டிகளை அடுக்குங்கள். பெரிய அடுப்பு தராத நிறைவை இது தரும்.

புகைக்கூண்டு விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சில் பழைய கணப்பு போலக் கூண்டு கட்டலாம். ஆனால் உள்ளே வெளிச்சுவர் வரை குழாய் போகும் நல்ல எக்ஸாஸ்ட் இருக்க வேண்டும். அடுப்பிலிருந்து கூண்டின் கீழ்விளிம்பு 65 முதல் 75 செ.மீ. உயரத்தில் வரட்டும். தாளிப்பும் பொரிப்பும் உள்ள வீட்டில் இது இல்லாவிட்டால், திறந்த அலமாரித் தட்டுகள் எல்லாம் ஒரே மாதத்தில் பிசுபிசுக்கும்.

செப்புப் பாத்திரங்களைச் சும்மா அலங்காரத்துக்கு மாட்டலாமா?

மாட்டுவதானால் சமைக்கிற பாத்திரத்தை மாட்டுங்கள் என்பதே என் பதில். நார்மண்டியில் வில்தியூ-லே-புவால் என்ற சின்ன ஊர் பல நூற்றாண்டுகளாகச் செப்புப் பாத்திரத் தொழிலில் இருக்கிறது. மோவியேல் நிறுவனம் 1830 முதல் அங்கே இயங்குகிறது. சமையலுக்கு 2 முதல் 2.5 மி.மீ. கனமுள்ள செம்பு வேண்டும். 1 மி.மீ. தகட்டில் செய்தவை காட்சிக்குத்தான்.

பழைய பாத்திரங்களின் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கும். அது 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதனால் காலிப் பாத்திரத்தை அடுப்பில் வைக்கக் கூடாது, இரும்புக் கரண்டியால் சுரண்டக் கூடாது. பூச்சு தேய்ந்து உள்ளே செம்பு தெரிந்தால் மறுபடி ஈயம் பூச வேண்டும். 'ஈயம் பூசலையோ' என்று தெருவில் கூவி வந்தவர்களை நினைவிருக்கிறதா? நம் பித்தளைப் பாத்திரங்களுக்குச் செய்த அதே வேலைதான். பூசுபவரிடம் காரீயம் கலக்காத சுத்த வெள்ளீயமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஜாம் காய்ச்சும் அகலச் சட்டிக்கு மட்டும் பூச்சு கிடையாது.

செம்பு கட்டுப்படியாகாது என்றால் எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டி ஒன்று போதும். லெ க்ரூசே 1925இல் வடக்கு பிரான்ஸில் தொடங்கியது. முதலில் வந்த செம்மஞ்சள் நிறம் இன்றும் கிடைக்கிறது. கூட்டு, குழம்பு, பிரியாணி எல்லாவற்றுக்கும் உழைக்கும்.

மாட்டும் இடம் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். ப்ரோவான்ஸில் ஜூலியா சைல்டு வைத்திருந்த சிறு வீட்டில், துளையிட்ட பலகையைச் சுவரில் அடித்து, ஒவ்வொரு சட்டியின் உருவத்தையும் அதன் மேல் கோடிட்டு வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தவர்கூடக் கழுவிய சட்டியை யாரையும் கேட்காமல் சரியான இடத்தில் மாட்டலாம். ஒரு சமையலறை எப்படி வந்தவரைச் சேர்த்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

என்ன நிறம் அடிப்பது?

எல்லாம் வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தால், ஓவியர் க்ளோத் மொனேயின் சமையலறையைப் பாருங்கள். நார்மண்டியின் ஜிவெர்னி கிராமத்தில் 1883 முதல் 1926இல் இறக்கும் வரை அவர் வாழ்ந்த வீடு, இப்போது பொதுமக்கள் பார்க்கலாம். சாப்பாட்டு அறை சுவரும் சாமான்களும் மஞ்சள். அங்கிருந்து கதவு வழியாகப் பார்த்தால் சமையலறைச் சுவரில் ரூவான் நகரத்து நீலமும் வெள்ளையுமான ஓடுகள், அவற்றின் மேல் வரிசையாகச் செப்புச் சட்டிகள். துணிந்து அடித்த நிறங்கள், ஆனால் அறைக்கு ஒரு நிறம்.

ப்ரோவான்ஸ் பக்கம் போனால் ரூசியோன் கிராமத்தின் காவிமண் நிறங்கள்: வெளிர் மஞ்சள், மண் சிவப்பு, ரோஜா. அவற்றைச் சுண்ணாம்பில் கலந்து அடிப்பார்கள். சுண்ணாம்பு அடிப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் இரண்டு விஷயம் கவனம். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது, சுரண்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறம் காய்ந்தால் மிகவும் வெளிறிவிடும். அதனால் ஒரு மூலையில் அடித்துக் காயவிட்டுப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். மரக் கதவுகளுக்குச் சாம்பல் கலந்த நீலமோ பச்சையோ பொருந்தும்.

பூப்போட்ட துணிகளை எங்கே பயன்படுத்துவது?

சிங்குக்குக் கீழே கதவுக்குப் பதில், சன்னலின் கீழ்ப்பாதியில், நாற்காலி மெத்தையில். அடுப்புப் பக்கம் வேண்டாம்.

இந்தத் துணிகளுக்கும் நம் கடற்கரைக்கும் நேரடி உறவு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையின் வண்ணப் பருத்தித் துணிகள் பிரான்ஸில் பெரும் மோகத்தைக் கிளப்பின. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி புதுச்சேரியிலிருந்து கப்பலேற்றிய சரக்கில் அவையும் இருந்தன. உள்நாட்டுப் பட்டு, கம்பளித் தொழில் கெடுகிறது என்று 1686இல் அரசு அவற்றைத் தடை செய்தது, 1759இல்தான் தடை நீங்கியது. மறு ஆண்டே ஓபர்காம்ப் என்பவர் வெர்சாய் அருகே ஜூய் கிராமத்தில் அச்சுத் தொழிற்சாலை தொடங்கினார். அங்கிருந்து வந்தவைதான் இன்றும் புகழ்பெற்ற ஜூய் துணிகள். ப்ரோவான்ஸின் சின்னப் பூ அச்சுகளும் நம் துணிகளைப் பார்த்துப் பழகியவையே. ஆகவே கட்டைஅச்சுப் பருத்தித் துணியை உங்கள் ஊர்க் கடையில் எடுத்துப் போடுவது எந்த விதத்திலும் போலி ஆகாது.

சிங்க் எப்படிப்பட்டது?

முன்பக்கம் வெளியே தெரியும் வெள்ளைப் பீங்கான் சிங்க், அகலமாகவும் ஆழமாகவும். பெரிய பாத்திரம் கழுவ வசதி. எடை மிக அதிகம் என்பதால் கீழே கட்டுமானத் தாங்கல் வேண்டும். கனத்த இரும்பு, பித்தளைப் பாத்திரங்களைப் போட்டால் விளிம்பு பெயரும். அதனால் அடியில் ஒரு மரச்சட்டம் போட்டு வையுங்கள்.

எங்கள் வீடு சின்ன அடுக்ககம். வாடகை வீடு வேறு. ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். மடக்கும் மர மேசை ஒன்று, கோரை பின்னிய நாற்காலி இரண்டு, சட்டிகளை மாட்ட ஒரு இரும்புக் கம்பி. இவை மூன்றையும் வீடு மாறும்போது எடுத்துப் போகலாம். கூரையில் எரியும் வெள்ளை டியூப் லைட்டை அணைத்துவிட்டு, மேசைக்கு மேல் 75 செ.மீ. உயரத்தில் மஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் பல்ப் போட்ட தொங்கு விளக்கு ஒன்று. நறுக்கும் இடத்துக்குத் தனி விளக்கு. சன்னல் திண்டில் தைம், ரோஸ்மேரி வளர்த்தால் நல்லது. கடும் வெயில் ஊரில் அவை வாடினால் துளசியும் ஓமவல்லியும் வையுங்கள். பறித்துச் சமைக்கிற செடியாக இருந்தால் போதும்.

சேவல் பொம்மை, லாவெண்டர் கொத்து, பிரெஞ்சில் எழுதிய பலகைகள்?

ஒன்று பிடித்திருந்தால் வையுங்கள். தூசி தட்ட வேண்டிய பொருள்கள் பெருகினால் சமைக்கிறவருக்குத்தான் சுமை.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

மேசையின் இடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். இடிக்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு, எக்ஸாஸ்ட் துளை. அடுத்து தரை, ஓடு போட்டபின் காய விட வேண்டும், அவசரப்பட்டு எண்ணெய் கொடுத்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற முடியாமல் வெள்ளையாகப் பூக்கும். அதற்குப் பிறகு கட்டுமான மேடை, சிங்க், கல். கடைசியாகச் சுண்ணாம்பு. தனிச் சாமான்களை எல்லாம் ஒரே நாளில் வாங்கிவிடாதீர்கள். முதலில் மேசையும் நாற்காலிகளும் மட்டும் போட்டுச் சில வாரம் சமையுங்கள். எந்தப் பொருளை எடுக்க எங்கே கை நீள்கிறது என்று பார்த்து, அந்த இடத்துக்கு ஏற்ற அலமாரியைத் தேடுங்கள்.